இரவு 11.59: இணைய வகுப்பறையும் பெண்ணின் நேரமும்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாகக் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஓர் அட்டவணை. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு 'டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்' பாடத்தில் நான் கொடுத்த பத்து அசைன்மென்ட்களை யார், எந்த நாள், எந்த நிமிடம் அனுப்பினார்கள் என்று வகுப்புச் செயலி தானே குறித்துவைத்திருந்தது. இன்டர்னல் மதிப்பெண் கணக்குப் போடுவதற்காக அதைத் தரவிறக்கினேன்.

எல்லாவற்றுக்கும் கெடு இரவு 11.59. அந்த நேரத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. தேதியை மட்டும் குறித்தால் செயலி தானாகப் போட்டுக்கொள்ளும் நேரம் அது. அதற்குப் பிறகு வருகிறவற்றின் பக்கத்தில் சிவப்பில் 'தாமதம்' என்று விழும். தாமதத்துக்குப் பத்தில் இரண்டு மதிப்பெண் குறைப்பேன் என்று முதல் வகுப்பிலேயே அறிவித்திருந்தேன். கண்டிப்பான ஆசிரியை என்ற பெயர் எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

சிவப்பு வரிகளை மட்டும் தனியே பிரித்தபோதுதான் கவனித்தேன். பையன்களின் தாமதம் பெரும்பாலும் பன்னிரண்டு மணி, பன்னிரண்டரை. இரண்டு மூன்று நாள் கழித்து வந்தவையும் உண்டு. பெண்களின் தாமதம் வேறு மாதிரி இருந்தது. 4.12. 4.40. 4.52. 5.05. எல்லாம் அதிகாலை. ஏதோ ஒரு நாள் அல்ல, பருவம் முழுக்க. ஒரு மாணவிக்குப் பத்தில் ஏழு அசைன்மென்ட்கள் இப்படிக் கெடு முடிந்து நான்கைந்து மணி நேரத்தில் வந்திருந்தன. பதினான்கு மதிப்பெண்ணை அவளிடமிருந்து எடுத்திருக்கிறேன். அந்த நிரல்களில் பிழை என்று சொல்ல எதுவும் இல்லை.

பாம்பன் பக்கத்துப் பெண். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ராத்திரியே முடிச்சு அனுப்புறதுக்கு என்னம்மா?"

"டச் போன் அண்ணன்கிட்ட இருக்கும் மேடம். அண்ணன் தூங்குனப்புறந்தான் எனக்கு. அதுக்குள்ள நானும் தூங்கிருவேன். அம்மா நாலு மணிக்கு எந்திரிக்கிறப்ப எழுப்பி விட்டுருவாங்க."

அம்மா எழுவது கடல்பாசி எடுக்கப் போவதற்கு. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, பாறை கிழிக்காமலிருக்கக் காலில் செருப்பைக் கட்டிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் முங்கிப் பாசி பறிக்கும் பெண்கள் இங்கே பல ஊர்களில் இருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவர்களுக்கு வேலை அதிகம். அந்த நாட்களில் வீட்டுச் சமையலும் தண்ணீரும் மகள் தலையில். நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் போனில் சி நிரல் எழுதியிருக்கிறாள். போனில் நிரல் எழுதிப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் முதல் விசைப்பலகையில் இருக்காது. ஒவ்வொரு வரி முடிவிலும் பலகையை மாற்ற வேண்டும். மாற்றித் திரும்ப வேண்டும்.

அந்த வீட்டில் இன்னொரு போனும் உண்டு. பட்டன் போன், அப்பாவுடையது. கல்லூரியில் கொடுத்திருந்த எண் அதுதான். இணையப் படிப்பு எதில் பதிவுசெய்தாலும் ஓடிபி அதற்குத்தான் போகும். இராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன.

"திங்கள், புதன், சனி ஓடிபி வராது மேடம்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். நான்தான் முதலில் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

'எப்போது வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் கற்கலாம்.' இணையவழிக் கல்வியை விற்கிறவர்களும், அதை உண்மையாகவே நம்புகிறவர்களும் சொல்லும் முதல் வாக்கியம் இது. நானும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான அறிமுக நாளில் பல முறை சொல்லியிருக்கிறேன். இந்த வாக்கியத்துக்குள் ஒரு மாணவர் இருக்கிறார். அவருக்கென்று ஒரு கருவி இருக்கிறது, அதில் அவர் பெயரில் ஓர் எண் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், 'வேண்டும்' என்று அவர் நினைக்கும் பொழுது அவருடையதாக இருக்கிறது. அந்த மாணவரை நான் சந்தித்திருக்கிறேன். அநேகமாக அவர் பையன்.

புள்ளிவிவரம் வேண்டுமென்றால் இருக்கிறது. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி 2019இல் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024 ஆய்வில் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள் ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. கிராமப்புற இளையோரிடம் 2023இல் நடந்த ஏசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14–18 வயதினரில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 விழுக்காடு, பெண்கள் 19.8 விழுக்காடு. இந்த எண்கள் பாம்பன் வீட்டைப் பற்றி எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஆனால் கல்லூரிக் கூட்டங்களில் மாணவி ஒருத்தி சொன்னதைச் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், விழுக்காடு சொன்னால் குறித்துக்கொள்வார்கள்.

இந்தக் கடற்கரையில் பொறியியல் என்றாலே ஒரு பெயர்தான். இராமேஸ்வரத்தில் பிறந்து, இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, ராக்கெட் விட்டு, குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். பேய்க்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட அவருடைய நினைவிடத்துக்கு முதலாம் ஆண்டு மாணவர்களை அழைத்துப் போகாத கல்லூரி எங்கள் பக்கத்தில் இருக்காது. வீடு வீடாக நாளிதழ் போட்ட சிறுவனின் கதையை மேடையில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் இன்னொரு செய்தி இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தன் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். கலாம் அதை நன்றியோடு எழுதியிருக்கிறார், விட்டுவிடவில்லை. விட்டுவிடுகிறவர்கள் மேடையில் பேசும் நாங்கள். நாளிதழ்ச் சிறுவன் ஒவ்வோர் ஆண்டும் வருகிறான், அக்கா வருவதில்லை.

ஜொஹரா ஏன் எம்.ஐ.டி.க்குப் போகவில்லை என்று கேட்பது அந்தக் காலத்தைத் தெரியாத கேள்வி என்று சொல்லலாம். சரி. இந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறேன். இப்போது பொறியியல் படிக்கிறவள் தங்கை. அண்ணன் அடகு வைக்க வேண்டியது வளையல் அல்ல, இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு போன். அது நடக்காததால் அவள் தன் தூக்கத்தை அடகு வைக்கிறாள். அந்த அடகுச் சீட்டின் மேல் நான் 'தாமதம்' என்று முத்திரை குத்தினேன்.

தொழில்நுட்பம் கூடாது என்று எழுத வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய் சொன்னவளாவேன். எந்தத் தொழில்நுட்பம், யாருடைய நேரத்தைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது என்று பார்ப்பதுதான் விமர்சனம். நாங்கள் அன்றாடம் பயன்படுத்துகிறவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

என்பிடெல் 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியது. இன்று ஸ்வயம் தளத்தின் வழியே நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் படிப்புகளாகக் கிடைக்கிறது. எங்கள் மாணவர்களுக்கு அதில் பெறும் சான்றிதழ் மிக முக்கியம். வாராவாரம் அசைன்மென்ட், அதற்குக் கெடு உண்டு, தவறினால் ஏற்க மாட்டார்கள். என்னைவிடக் கண்டிப்பு. ஆனால் இறுதிக் கணக்கில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு அசைன்மென்ட்களை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். எட்டு வாரத்தில் சிறந்த ஆறு. நான்கு வாரத்தில் சிறந்த மூன்று. இந்த விதியை எழுதியவர்கள் பெண்களை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வாரத்தில் நான்கு வாரம் வாழ்க்கைக்குப் போகலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. வயிற்றுவலி வாரம், அக்காவின் வளைகாப்பு வாரம், அம்மா கடலில் இருக்கும் வாரம், பாட்டியோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த வாரம். காரணம் சொல்ல வேண்டாம், கடிதம் வேண்டாம், துறைத்தலைவர் முன்னால் நிற்க வேண்டாம். காரணம் கேட்காத விதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது மாதவிலக்குக்கு 'காய்ச்சல்' என்று லீவ் லெட்டர் எழுதிய எல்லோருக்கும் தெரியும்.

காணொளியில் இன்னொன்றும் உண்டு. நிறுத்தலாம், திரும்பப் போடலாம், வேகத்தைக் குறைக்கலாம். எங்கள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டால் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வரும். தமிழ்வழியில் படித்து வந்தவளானால் கேள்வியை ஆங்கிலத்தில் கோக்கும்போதே அந்தச் சிரிப்பு வந்துவிடும். காணொளி சிரிப்பதில்லை. ஒரே நிமிடத்தைப் பதினோரு முறை போட்டுப் பார்த்தேன் என்று ஒருத்தி சொன்னாள். வகுப்பில் அவள் பதினோரு முறை கேட்டிருக்க முடியுமா? என்னிடமே கேட்டிருக்க முடியுமா? மூன்றாவது முறையில் என் குரல் மாறியிருக்கும்.

மும்பை ஐஐடியில் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ஸ்போக்கன் டுடோரியல் இதைவிட யோசித்துச் செய்யப்பட்டது. பத்து நிமிட அளவிலான பாடங்கள். லினக்ஸ், சி, பைத்தான், லிப்ரே ஆபிஸ் என்று கட்டற்ற மென்பொருள்கள். தமிழ்க் குரலிலும் கிடைக்கும். ஆசிரியர் இல்லாமல் தானே கற்பவருக்காகவே எழுதப்பட்ட உரை. இணையம் இல்லாமலும் ஓடும். பத்து நிமிடம் என்பதை நான் முக்கியமாகச் சொல்வேன். உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். ஆனால் அதன் கற்பித்தல் முறையே திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் காணொளியும் மறுபாதியில் மென்பொருளுமாக, பார்த்தபடியே செய்துபார்ப்பது. அதற்குக் கணினி வேண்டும். ஐந்தரை அங்குலப் போனில், அதுவும் அண்ணன் போனில், பாதித் திரை என்பது உள்ளங்கையில் பாதி. பார்ப்பது மட்டும் மிஞ்சுகிறது, செய்வது போய்விடுகிறது.

விர்ச்சுவல் லேப்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் ஒன்றிய அரசின் திட்டமாகத் தொடங்கிய கணினிவழி ஆய்வகங்கள் அவை. முதலாம் ஆண்டு மின்னணுவியல் லேபுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு கருவிக்கு நான்கு பேர். வயரைச் செருகுவது பையன், அளவியைத் திருகுவது பையன், ரெக்கார்டு நோட்டு எழுதுவது பெண். "அவளுக்குத்தான் கையெழுத்து நல்லாருக்கும்" என்பார்கள், பாராட்டாகவே. கணினிக்குள் இருக்கும் ஆய்வகத்தில் ஆளுக்கொரு பலகை. அங்கே தப்பாக இணைத்துப் பார்த்து, ஏன் ஓடவில்லை என்று தானே கண்டுபிடித்த ஒரு மாணவி அடுத்த வாரம் நிஜ லேபில் பையன் கையிலிருந்த வயரை வாங்கிச் செருகினாள். எனக்கு அது போதும். இந்தத் திட்டத்தையே காரணம் காட்டிப் புதுக் கருவி வாங்குவதை ஒத்திப்போடும் நிர்வாகங்கள் பற்றி வேறு கட்டுரை எழுதலாம்.

இனி, திரைக்குள் வராமல் போவதைச் சொல்கிறேன். 'கியூ' என்ற கருத்தைச் சொல்ல எல்லாக் காணொளிகளிலும் டிக்கெட் கவுண்டர்தான் வரும். நான் தண்ணீர் வண்டிக்கு முன்னால் நிற்கும் குடங்களைச் சொல்வேன். இராமநாதபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்கள் வெயிலில் நிற்பதில்லை, குடம் நிற்கும். குடம் பெண் அல்ல. பெண் எங்கே இருக்கிறாள் என்பதைக் காட்டும் அடையாளம். 'பாயின்டர்' என்பதும் அதுதான் என்று சொன்னால் நின்று புரிந்துகொள்வார்கள். ஒரு முறை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி குறுக்கிட்டாள்.

"நடுவுல கொண்டாந்து குடத்தைச் சொருகிருவாங்க மேடம். அப்ப அது கியூ இல்ல, லிங்க்டு லிஸ்ட்."

வகுப்பே சிரித்தது; இந்தச் சிரிப்பு வேறு. இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விளக்கம் அது. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதைச் சொல்லித்தான் பாடம் நடத்துகிறேன். கொரோனா காலத்தில் இதே குட உதாரணத்தை இணைய வகுப்பில் சொன்னேன். ஐம்பது கறுப்புக் கட்டங்கள். ஒரு குரலும் இல்லை. பெண்கள் மைக்கைத் திறக்க மாட்டார்கள். பின்னால் மிக்ஸி, தம்பியின் அழுகை, "யார்கிட்ட பேசுற?" என்று அப்பாவின் குரல். படிக்கிறாள் என்று தெரிந்தும் கேட்கப்படும் கேள்வி அது. போனோடு பேசும் பெண்ணை வீடு அப்படித்தான் பார்க்கிறது.

அந்தக் காலத்தில்தான் கண்காணிப்பும் வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2020 நவம்பர்–டிசம்பர் பருவத் தேர்வுகளை 2021 தொடக்கத்தில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு இணையத்தில் நடத்தியதும், முறைகேட்டுச் சந்தேகத்தில் ஏராளமானோர் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டதும், மறுதேர்வு நடத்த வேண்டி வந்ததும் எல்லோரும் அறிந்த செய்தி. அந்தச் செய்திகளில் 'மாணவர்கள்' என்றுதான் இருந்தது. ஒரறை வீட்டில் கேமரா முன் உட்காருகிற மாணவியைப் பற்றி எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாதிரித் தேர்வில், அம்மா குடத்தோடு பின்னால் நடந்து போனதற்கு 'இரண்டாவது நபர்' என்று எச்சரிக்கை வந்தது. அம்மா அதன் பிறகு தேர்வு முடியும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு மென்பொருளின் விதிமுறையில், காதில் கருவி எதுவும் இல்லை என்று காட்டக் காது தெரிய உட்கார வேண்டும் என்றிருந்தது. முக்காடிட்ட மாணவி ஒருத்தி அதைப் படித்துவிட்டுத் திரையை மூடிவிட்டாள். பதிவு எப்படி இருந்தது தெரியுமா? 'தேர்வைத் தொடங்கவில்லை.'

இந்த வாதத்தை ஒரு கூட்டத்தில் வைத்தபோது என் பழைய மாணவி ஒருத்தி மறுத்தாள். கீழக்கரைக்காரி. மூன்றாம் ஆண்டிலேயே நிக்காஹ், கணவர் வளைகுடாவில், இரண்டு வயதில் மகன். பட்டம் வாங்கிய பிறகு இணையத்திலேயே படித்து இப்போது வீட்டிலிருந்தே மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறாள். "அந்த வீடியோ மட்டும் இல்லைன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல மேடம். நீங்க குறை சொல்றது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள். அவள் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். அவளுக்கு ஏன் அது முடிந்தது? கீழக்கரையில் மணமான பின்பும் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அவள் இருப்பது உம்மா வீடு. பிள்ளையை உம்மாவும் லாத்தாவும் வைத்துக்கொள்கிறார்கள். மாடியில் ஓர் அறை அவளுடையது, போன் அவளுடையது. 'எங்கிருந்து வேண்டுமானாலும்' என்ற வாக்கியம் அவள் விஷயத்தில் உண்மையாக இருப்பதற்கு அந்த வீடு காரணம். தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல. இதைச் சொன்னபோது அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பாதி ஒப்புக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அரசுத் திட்டங்களையும் இதே கேள்வியோடு பார்க்கலாம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல பெண்களுக்குத் தங்கள் பெயரில் கிடைத்த முதல் மின்னணுப் பொருள். பெயர் அவளுடையது, வீட்டுக்குப் போனதும் அது யார் மேசையில் இருந்தது என்பதை வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் அண்ணன், தம்பி என்பார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தார்கள். டேட்டா வந்தது, நேரம் வரவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாயை அவள் வங்கிக் கணக்கிலேயே போடுகிறது. கணினிக் கல்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். பாம்பன் பெண் அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது தன் பெயரில் ஒரு சிம் கார்டு. பிறகு ஏழெட்டு மாதம் சேர்த்து ஒரு பழைய போன். திங்கள், புதன், சனி இப்போது ஓடிபி வருகிறது.

அவளுடைய அந்தப் பருவத்து மதிப்பெண்ணை என்னால் மாற்ற முடியவில்லை. நான் கவனித்தபோது ஏற்றி முடித்திருந்தோம். ஏற்றிய பின் திருத்த வழியில்லை. ஒரு நிறுவனம் வளாகத் தேர்வுக்கு வைத்த குறைந்தபட்ச மதிப்பெண் சராசரியை அவள் நூலிழையில் தவறவிட்டாள். என் பதினான்கு மதிப்பெண் இல்லாமலும் தவறியிருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சிலவற்றை மாற்றினேன். கெடுவுக்குப் பதிலாக ஒரு வார இடைவெளி; பத்தில் சிறந்த எட்டு. என்பிடெல்லிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான், மறைக்கவில்லை. 'தாமதம்' என்ற வரியைக் கணக்கில் எடுப்பதில்லை. பையன்களும் இதனால் பயனடைகிறார்கள். அடையட்டும். சக ஆசிரியர் ஒருவர், மாணவர்களைச் சோம்பேறி ஆக்குகிறீர்கள் என்றார். அதிகாலை நாலு மணிக்கு நிரல் எழுதியவளைப் பற்றியா சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருக்க வேண்டும், ஆசிரியர் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கேட்டதில் கிடைக்காதது லேப்தான். எங்கள் கல்லூரியில் நல்ல கணினிகளும் வேகமான இணையமும் இருக்கின்றன. மாலை ஏழு மணி வரை லேப் திறந்திருக்கும். பையன்கள் இருப்பார்கள், அவர்களுக்கு பைக் இருக்கிறது, கடைசிப் பேருந்தும் இருக்கிறது. கல்லூரிப் பேருந்து 4.20க்குக் கிளம்பும், பெண்கள் அதில் ஏறியாக வேண்டும். விடுதிப் பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே. ஆகவே பாட நேரத்துக்குள்ளேயே நாளுக்கு ஒரு மணி நேரம், ஆளுக்கொரு கணினியோடு, வருகைப் பதிவு இல்லாமல் லேபைத் திறந்துவையுங்கள் என்று கேட்டேன். நிர்வாகத்தின் பதில் இது: "அதான் எல்லாம் ஆன்லைன்லேயே இருக்கே மேடம், வீட்ல போயிப் பாக்கலாமே."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. வீட்டில் பார்க்கலாம் என்பது இதுவரை கூடுதல் வசதியாகச் சொல்லப்பட்டது. இப்போது அறையைத் திறக்காமலிருப்பதற்கான காரணமாகிவிட்டது. இந்தக் கடற்கரையில் ஒரு பெண்ணுக்கு 'நான் படிக்கிறேன்' என்பதைத் தவிர வேறு எதையும் செய்ய வேண்டியிராத இடம் கல்லூரி மட்டும்தான். அங்கே யாரும் அவளைத் தண்ணீர் எடுக்கச் சொல்வதில்லை. அந்த இடத்தில் அவள் இருக்கும் மணிகளைக் குறைத்துவிட்டு, வீட்டுக்குக் காணொளியை அனுப்புகிறோம்.

மூன்று பேர் சேர்ந்து மறுபடியும் மனு கொடுத்தோம். இந்தப் பருவத்திலிருந்து காலை எட்டு மணிக்கு லேபைத் திறக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விடுதிப் பெண்கள் வருகிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பேருந்து வந்து சேரவே ஒன்பதாகிவிடுகிறது. பேருந்து நேரத்தை மாற்றித் தரச் சொல்லிப் போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஓட்டுநரிடமும் பேசினேன். ஒரு மணி நேரம் முன்னால் எடுப்பதில் தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்த நேரத்துக்குப் பிள்ளைகளை வீட்டில் விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாக்களைப் பார்க்கப் போகிறேன்.